பாய்ச்சுவரும் கங்கும்: காஷ்மீரப் படகுக் குடிகளின் குளிர்கால இரவுகள்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்ரீநகரில், குளிர்காலத்தை மக்கள் மூன்று கூறாகப் பகுத்து எண்ணுகிறார்கள். டிசம்பர் 21 அன்று தொடங்கும் முதல் நாற்பது நாள் ‘சில்லை கலான்’. அடுத்த இருபது நாள் ‘சில்லை குர்த்’. இறுதிப் பத்து நாள் ‘சில்லை பச்சா’. பெருங்குளிர், சிறுகுளிர், குழந்தைக்குளிர் என்று தமிழில் சொல்லலாம். ‘சில்லா’ என்பது நாற்பது நாள் கொண்ட காலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். நாற்பதைக் குறித்த சொல் பின்னர் இருபதுக்கும் பத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த எழுபது நாளில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே இறங்குவதும், தால் ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி படர்வதும் வழக்கமானவை.

இக்குளிரைப் பள்ளத்தாக்கு மக்கள் எவ்வாறு தாங்கினார்கள் என்பது குறித்த எழுத்துகள் பெரும்பாலும் நிலத்து வீடுகளையே பேசுகின்றன. தடித்த மண்சுவர்; கீழ்த்தளத்தில் கட்டப்பட்ட கால்நடைகளின் உடல்வெப்பம் மேல்தளத்துக்கு ஏறும் அமைப்பு; செல்வர் வீடுகளிலும் மசூதிகளிலும் கற்பலகைத் தரைக்கு அடியில் விறகெரித்து அறையைச் சூடாக்கும் ‘ஹமாம்’. இவை மூன்றும் நிலம் உடையவர்க்கு உரியவை. பிறப்பு முதல் இறப்பு வரை படகிலேயே வாழ்ந்த ஹாஞ்சி மக்களுக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. அவர்கள் எழுபது இரவுகளை எவ்வாறு உறங்கிக் கழித்தார்கள் என்பது தனியாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஹாஞ்சிகளின் தொன்மை பற்றிய செய்திகள் பல. தம் குலமுதல்வர் நோவா என்பது அவர்களுடைய மரபுக்கதை. 1586இல் காஷ்மீரம் முகலாயர் ஆட்சியின்கீழ் வந்தது. அக்பரின் அரசவை வரலாற்றாளர் அபுல் ஃபஸல், அந்நாட்டின் வாணிபம் முழுவதும் படகுகளைச் சார்ந்தே நடந்ததாகப் பதிவுசெய்தார். நிலவரித் திட்ட ஆணையராகப் பணியாற்றிய வால்டர் லாரன்ஸ், 1895இல் வெளிவந்த ‘காஷ்மீரப் பள்ளத்தாக்கு’ என்னும் நூலில் ஹாஞ்சிகளின் உட்பிரிவுகளைத் தொழில்வாரியாக விவரித்தார். மீன் பிடிப்போர், மிதக்கும் தோட்டங்களில் காய்கறி விளைவிப்போர், நீர்க்கொட்டை சேகரிப்போர், ஆற்றில் மிதந்துவரும் மரத்துண்டுகளைத் திரட்டுவோர், பெரும்படகில் தானியம் ஏற்றிச் செல்வோர் என அப்பட்டியல் நீள்கிறது. அவர்களுள் பயணிகளை ஏற்றிச் செல்லும் ‘டூங்கா’ என்னும் படகையே வீடாகவும் கொண்டவர்கள் டூங்கா ஹாஞ்சிகள்.

டூங்காவின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் அதில் நிலவிய குளிரைப் புரிந்துகொள்ள முடியும். தேவதாரு மரத்தால் ஆன, தட்டையான அடிப்பகுதி கொண்ட படகு அது. நீளம் 50 முதல் 60 அடி. அகலமோ 6 அடி மட்டுமே. முன்பகுதி பயணிகளுக்கு, பின்பகுதி குடும்பத்துக்கு. பின்பகுதியில் களிமண்ணால் அமைத்த அடுப்பு; அதையடுத்து உறங்கும் இடம். கூரையும் பக்கச்சுவர்களும் பாய்கள். ஏரியிலும் சதுப்பிலும் வளரும் கோரை போன்ற புல்லை அறுத்து உலர்த்தி அப்பாய்கள் முடையப்பட்டன. பகலில் சுருட்டிக் கட்டலாம். இரவில் அவிழ்த்துத் தொங்கவிடலாம். வீட்டின் அடித்தளமாக நின்ற அதே நீர்தான் சுவருக்கான பொருளையும் தந்தது.

இத்தகைய உறைவிடத்தின் வெப்பநிலை பற்றி இயற்பியல் சில செய்திகளைச் சொல்கிறது. உறைந்த மேற்பரப்புக்கு அடியிலுள்ள ஏரிநீர் 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வெளிக்காற்று உறைநிலைக்குப் பல டிகிரி கீழே சென்ற இரவுகளில், படகின் மரத்தரைக்கு அடியில் இருந்த நீர் காற்றைவிட வெம்மையானது. ஆதலால் தரை வழியாக வந்த குளிருக்கு ஓர் எல்லை இருந்தது. அதன்மேல் வைக்கோலும் பாயும் விரித்தால் உறங்க இயலும். இடர் பக்கங்களிலிருந்து வந்தது. பாய் காற்றின் வேகத்தைத் தணிக்குமே அன்றி முற்றிலும் தடுக்காது. நீரிலிருந்து எழும் ஈரமும், உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரமும் குளிர்ந்து போர்வையில் படியும். அறையையே சூடாக்கிவிடலாம் என்று பெருந்தீ மூட்டினால், வெப்பம் பாயின் இடுக்குகள் வழியே நொடியில் வெளியேறிவிடும். அதற்கு முன்பாகவே உலர்ந்த பாய் தீப்பற்றிக்கொள்ளவும் கூடும். ஆறடி அகலப் படகில் தீப்பற்றினால் ஒதுங்கி நிற்க இடமில்லை.

எனவே நெருப்பு சிறியதாக இருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லக் கூடியதாக இருக்க வேண்டும். உடலுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இம்மூன்று தேவைகளையும் நிறைவு செய்தது காங்ரி. சுட்ட மண்ணால் ஆன சிறு கிண்ணம் ஒன்று. அதைச் சுற்றிச் சுள்ளிகளால் முடைந்த கூடை. பிடித்துச் செல்ல வளைந்த கைப்பிடி. கங்கைக் கிளற ஒரு சிறு கரண்டி. அடியில் கரி, நடுவில் கங்கு, மேலே சாம்பல் என அடுக்கப்படும். சாம்பற்படலம் காற்றை அளவோடு மட்டுமே உள்ளே விடுவதால், நீறு பூத்த நெருப்பு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கால் கிலோ அளவுக் கரி ஓர் இரவின் பெரும்பகுதிக்குப் போதுமானது. இலையுதிர் காலத்தில் சினார் மரத்தின் உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துக் கரியாக்கிச் சேமிப்பது ஒவ்வொரு குடும்பத்தின் குளிர்கால முன்னேற்பாடு. இதைப் ‘பெரன்’ என்னும் தொளதொளப்பான நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொண்டால், அங்கிக்கும் உடலுக்கும் இடைப்பட்ட வெளியே ஒரு சிறு அறையாகிவிடுகிறது. நிலத்து வீட்டாரும் காங்ரியைப் பயன்படுத்தினார்கள். ஆயினும் அவர்களுக்கு அது சுவருக்கும் ஹமாமுக்கும் துணை. டூங்காவில் அடுப்பின் தணல் அவிந்த பிறகு வேறு வெப்பமில்லை.

காங்ரி எங்கிருந்து வந்தது என்பது நெடுநாள் விவாதம். முகலாய அரசர்களின் பரிவாரத்தில் வந்த இத்தாலியரிடமிருந்து காஷ்மீரிகள் இதைக் கற்றிருக்கலாம் என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய எழுத்துகளில் இடம்பெற்றது. இத்தாலியில் ‘ஸ்கால்தினோ’ என்னும் கைக்கணப்பு வழக்கில் இருந்ததே அதற்கு ஆதாரம். சொற்களின் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. காங்ரி என்பதைக் ‘காஷ்டாங்காரிகா’ என்னும் வடமொழி வடிவத்தோடு தொடர்புபடுத்துவர். காஷ்டம் விறகு, அங்காரம் கங்கு. கணப்புச்சட்டிக்கு அமரகோசம் தரும் பெயர்களில் ‘அங்காரதானிகா’வும் உண்டு, ‘ஹசந்தி’யும் உண்டு. முன்னது கங்கைத் தாங்குவது, பின்னது சிரிப்பவள். சாம்பலுக்கு இடையில் கங்கு ஒளிர்வதைச் சிரிப்பாகக் கண்ட மொழி, அப்பொருளை நெருங்கிப் பழகிய மொழியாகத்தான் இருக்க முடியும். முகலாயருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே துணைக்கண்டத்தில் கைக்கணப்பு அறியப்பட்டிருந்தது என்பதற்கு இச்சொற்கள் போதுமான சான்று.

இவ்வெம்மைக்கு உடல் கொடுத்த விலையும் பதிவாகியுள்ளது. 1865இல் ஸ்ரீநகரில் மருத்துவப் பணி தொடங்கிய ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ஜாக்சன் எல்ம்ஸ்லி, அடுத்த ஆண்டே காஷ்மீரிகளின் வயிற்றிலும் தொடையிலும் தோன்றிய ஒருவகைத் தோல் புற்றுநோயைக் காங்ரிச் சூட்டோடு இணைத்து எழுதினார். பின்னர் எர்னஸ்ட் நீவ் நெடுங்காலம் அந்நோயாளிகளுக்கு அறுவைசெய்து, 1920களில் தம் முடிவுகளை வெளியிட்டார். தோல் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சுடப்படுவதால் விளையும் இந்நோய், மருத்துவ நூல்களில் இன்றும் ‘காங்ரிப் புற்று’ என்றே வழங்குகிறது. எல்ம்ஸ்லியே காஷ்மீரி மொழிக்கான ஒரு சொற்றொகுதியையும் தொகுத்தார். 1872இல் அது அச்சாயிற்று. அம்மக்களின் நோயையும் சொல்லையும் ஒரே கை எழுதி வைத்தது.

காங்ரிக்கு இன்னொரு தீங்கும் உண்டு. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். அப்படியாயின், கனலும் கரியோடு ஆறடி அகலத்தில் ஒரு குடும்பமே தலைமுறை தலைமுறையாக உறங்க முடிந்தது எப்படி? விடை அந்தப் பாய்ச்சுவரில் இருக்கிறது. குளிரை உள்ளே விட்ட அதே இடுக்குகள் நச்சுக்காற்றை வெளியேற்றின. மூச்சின் ஈரத்தையும் ஓரளவு வெளியேற்றின. டூங்காவின் குறை என்று எண்ணத் தோன்றும் கசிவுதான் அதைத் தணலோடு வாழத்தக்க வீடாக்கியது. பாயும் காங்ரியும் ஒன்றையொன்று சார்ந்த ஓர் ஏற்பாடு. ஒன்றை மாற்றினால் மற்றொன்றின் தன்மையும் மாறிவிடும்.

அந்த மாற்றம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. காஷ்மீர அரசு அயலாருக்கு நிலவுரிமை மறுத்ததால், கோடையில் வந்த ஆங்கிலேயர் நீர்மேல் வீடு தேடினர். ‘ஹவுஸ்போட்’ உருவானதில் 1880களில் அங்கு வாழ்ந்த எம். டி. கென்னார்டின் பெயரும், ஸ்ரீநகர் வணிகர் பண்டித நாராயண தாசின் பெயரும் சொல்லப்படுகின்றன. டூங்காவின் தட்டை அடிப்பகுதியின்மேல் பலகைச் சுவர், கண்ணாடிச் சன்னல், மரவேலைப்பாடு மிக்க உட்கூரை என அது வளர்ந்தது. பாய் போனதும் அறையைச் சூடாக்குவது இயல்வதாயிற்று. கணப்படுப்பும், கூரை வழியே புகைக்குழாய் செல்லும் ‘புகாரி’ என்னும் தகர அடுப்பும் இடம்பெற்றன. ‘புகார்’ என்றால் அரபியிலும் பாரசீகத்திலும் ஆவி. கோடைக்கென்று பிறந்த படகு குளிர்காலத்துக்கும் உரியதாயிற்று.

ஆனால் அந்தப் புகாரி சூடாக்கியது விருந்தினரின் அறையை. படகின் சொந்தக்காரரான ஹாஞ்சி குடும்பம் பின்னால் கட்டப்பட்ட டூங்காவில் சமைத்து, அங்கேயே காங்ரியோடு உறங்கியது. ஒரே கரையில், ஒரே குளிரில், அறையைச் சூடாக்கும் முறையும் உடலைச் சூடாக்கும் முறையும் அருகருகே இயங்கின. இவற்றுள் முதலாவது பயணநூல்களில் விரிவாக எழுதப்பட்டது. விடியலில் எழுந்து ஒவ்வொருவர் காங்ரிக்கும் கங்கு எடுத்து வைத்த பெண்ணின் உழைப்பு அந்நூல்களில் அரிதாகவே தென்படுகிறது.

பின்னர் டூங்காவின் சுவர்களும் மாறின. பாய்க்குப் பதில் பலகை வந்தது. பலகையின் இடுக்குகளை அடைக்கப் பாலித்தீன் தாள் வந்தது. காங்ரியோடு எரிவாயுக் கணப்பும் மின்போர்வையும் சேர்ந்தன. காற்று புகாத அறை வெம்மையைக் காக்கிறது, நச்சையும் காக்கிறது. கணப்பினால் மூச்சடைத்து இறந்தவர்கள் பற்றிய செய்தி இன்றும் பள்ளத்தாக்கில் குளிர்காலந்தோறும் வருகிறது. இறுகக் கட்டிய மரப்படகுகளுக்குத் தீயின் அச்சமும் நீங்கவில்லை. 2023 நவம்பர் 11 விடியற்காலையில் தால் ஏரியில் மூண்ட தீயில் ஐந்து படகுவீடுகள் முற்றிலும் எரிந்தன. வங்கதேசத்திலிருந்து வந்த பயணிகள் மூவர் உயிரிழந்தனர்.

இவ்வரலாற்றை எரிபொருளின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதி விடுபட்டுப்போகும். கரியிலிருந்து எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் வந்த பயணம் எளிதில் கண்ணில் படுகிறது. அதே காலத்தில் சுவர் பாயிலிருந்து பலகைக்கும் பாலித்தீனுக்கும் வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்தான், பழைய கங்கு ஏன் புதிய அறையில் கொல்கிறது என்பது விளங்கும். டூங்காவில் வாழ்வோர் குறைந்துவருகின்றனர். பாய் முடையும் முறை, அதற்குரிய புல்லைத் தெரிந்தெடுக்கும் அறிவு, எந்த இரவில் எந்தப் பக்கத்துப் பாயைச் சற்றே உயர்த்திவிட வேண்டும் என்ற பழக்கம் ஆகியவை முதியோர் சிலரின் நினைவிலும் பேச்சிலும்தான் இருக்கின்றன. படகின் உறுப்புகளுக்கான சொற்களைத் தொகுக்கச் செல்லும் ஆய்வாளர்கள் இவற்றையும் கேட்டுப் பதிய வேண்டும். காற்று எவ்வழியே வெளியேற வேண்டும் என்ற அறிவு, இன்று அங்கே குளிர்கால அறை கட்டுவோருக்கும் தேவைப்படுகிறது.