தொலைபேசிக் கம்பி வழியே வந்த தமிழ் மடல்கள்

பிறந்த ஊரைப் பிரிந்து வாழ்வோர்க்கு மடல் என்பது வெறுஞ்செய்தி அன்று. உறவைத் தாங்கி நிற்கும் இழையும் அதுவே. உள்நாட்டு அஞ்சல் தாளின் மடிப்பு ஓரங்களிலும் இடம் விடாது எழுதிய அன்னையரையும், 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த இரவுகளையும், எஸ்.டி.டி. நிலையத்தில் ஓடும் மீட்டரில் ஒரு கண் வைத்துப் பேசிய பேச்சுகளையும் நம்முள் மூத்தோர் மறந்திரார். அந்த அஞ்சல் தாளுக்கும் இன்றைய கைப்பேசிச் செய்திக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஒன்று உண்டு. தொலைபேசிக் கம்பியைக் கணிப்பொறியோடு பிணைத்து, எண்ணைச் சுழற்றி இணையத்தை எட்டிய காலம் அது. அதன் வரலாற்றை ஒருவாறு நோக்குவதும், அக்காலம் நம்மிடம் விட்டுச் சென்ற பொருளொன்றை நினைவூட்டுவதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நம் நாட்டில் இணையத்தின் வித்து கல்விக் கூடங்களில் ஊன்றப்பட்டது. 1986ஆம் ஆண்டில் நடுவண் அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 'எர்னெட்' என்னும் வலையமைப்பைத் தொடங்கிற்று. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியன அதில் பங்கு கொண்டன. ஆயினும், அவ்வாயில் ஆய்வாளர்க்கே திறந்திருந்தது. பொதுமக்களுக்கு அது திறந்த நாள் 1995 ஆகஸ்டு 15. அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பெருநகரங்களில் இணையச் சேவையைத் தொடங்கியது. நொடிக்கு 9.6 கிலோபிட் வேகத்தில் 250 மணி நேரம் பயன்படுத்துவதற்குத் தனியாள் செலுத்த வேண்டிய கட்டணம் ரூ. 5,000. தொலைபேசிக் கட்டணம் அதற்கு மேல். மையம் இல்லாத ஊரில் வாழ்ந்தோர், அடுத்த நகருக்கு எஸ்.டி.டி. அழைப்பு விடுத்தே இணையத்தைத் தொட வேண்டியிருந்தது.

பணம் கட்டியவுடன் இணைப்புக் கிட்டிவிடுவதில்லை. வீட்டிலிருந்த கணிப்பொறியோ பெரும்பாலும் பழையது. அதனோடு 'மோடம்' என்னும் சிறு பெட்டியைத் தொடர்முனைக் கம்பியால் இணைக்க வேண்டும்; தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து மோடத்திற்கு மாற்ற வேண்டும். கணிப்பொறியின் எண்மக் குறிகளைத் தொலைபேசி சுமக்கத்தக்க ஒலியாக மாற்றுவதும், வந்த ஒலியை மீண்டும் எண்மக் குறிகளாக்குவதும் மோடத்தின் பணி. ஹேஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட மோடத்தோடு பரவிய கட்டளைகளையே பின்வந்த மோடங்களும் ஏற்றன. 'ஏ.டி.' என்று தட்டினால் மோடம் செவி சாய்க்கும். அதனோடு 'டி.டி.' சேர்த்து எண்ணைத் தட்டினால் தொனி முறையிலும், 'டி.பி.' சேர்த்தால் பழைய துடிப்பு முறையிலும் அது எண்ணைச் சுழற்றும். தொனி முறை அறியாத பழைய தொலைபேசி நிலையத்தைச் சார்ந்த வீட்டில், இவ்விரண்டாம் எழுத்தை மாற்றாத வரையில் எத்துணை முயன்றும் இணைப்புக் கிட்டாது. கிட்டியபோது எழுந்த கிறீச்சொலி, இரு மோடங்களும் தமக்குள் வேகத்தைப் பேசி முடிவு செய்த உரையாடலே ஆகும். அந்நேரம் வீட்டில் எவரேனும் மற்றொரு தொலைபேசியை எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துபோம்.

பழைய கணிப்பொறிக்கு மற்றோர் இடரும் இருந்தது. தொடர்முனையை ஆளும் 8250 என்னும் பழைய சில்லு, வந்த எழுத்துகளுள் ஒன்றை மட்டுமே தாங்கி நிற்கும். கணிப்பொறி அதனை எடுப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிட்டால் முன்னது அழிந்துபோம். பின்னர் வந்த 16550ஏ என்னும் சில்லு 16 எழுத்துகளைத் தாங்கிக் காத்தது. ஆகவே, புதிய விரைவு மோடம் வாங்கியும் பழைய சில்லின் காரணமாக எழுத்துகளை இழந்தோர் உளர். பழுது மோடத்திலா கம்பியிலா என்று தேடி அலுத்தோரும் உளர்.

விண்டோஸ் 3.1இல் இணைய மொழியே இல்லை. அக்குறையைத் தீர்த்தவர் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம். அவர் இயற்றிய 'டிரம்பெட் வின்சாக்' என்னும் மென்பொருளே பல்லாயிரம் பழைய கணிப்பொறிகளை இணையத்தில் ஏற்றியது. நம் நாட்டில் இணையம் திறந்த ஒன்பதாம் நாள், 1995 ஆகஸ்டு 24இல், விண்டோஸ் 95 வெளியாயிற்று. எண் சுழற்றி இணையும் வசதி அதனுள்ளேயே அமைந்திருந்தது.

இனி, இவ்வேகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 9.6 கிலோபிட் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 960 எழுத்துகள் செல்லும். 2,000 எழுத்துக் கொண்ட மடலொன்று இரண்டே நொடிகளில் போய்ச் சேரும்; 100 கிலோபைட் அளவுள்ள புகைப்படமோ இரண்டு நிமிடம் பிடிக்கும். படம் சுமையாகவும் எழுத்து எளிதாகவும் இருந்த வழி அது. மேலும், இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் காசு கரைந்ததால், மடலை முன்னரே நிதானமாக எழுதி வைத்து, பின் எண்ணைச் சுழற்றி, அனுப்ப வேண்டியதை அனுப்பி, வந்ததை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓய்வாகப் படிப்பது வழக்கமாயிற்று. விரைவுக் கருவியொன்று, தன் குறையினாலேயே, பழைய மடல் எழுதும் பண்பை மேலும் சிலகாலம் வாழ வைத்தது எனலாம்.

ஆனால், அம்மடலைத் தமிழில் எழுதுவது எங்ஙனம்? தொடக்கத்தில் பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினர். இந்நிலையை மாற்ற முன்வந்தோர் பெரும்பாலும் தாயகத்திற்கு வெளியே வாழ்ந்த தமிழரே என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997 மே மாதம் தமிழிணைய மாநாடு கூடியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே, தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர். எனினும், ஒவ்வோர் எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுத்தது. ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. இதனைத் தீர்க்க 'திஸ்கி' என்னும் குறியீட்டு முறை எழுந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு 'டாம்', 'டாப்' என்னும் முறைகளைத் தந்தது. முடிவில், 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு அனைத்தையும் கடந்து நிலைபெற்றது.

கம்பியின் காலமும் விரைந்து மாறியது. 1998இல் தனியார் நிறுவனங்கள் இணையச் சேவை வழங்க அனுமதி கிடைத்தது. 56 கிலோபிட் மோடங்களும் பரவத் தொடங்கின. 2002இல் விதேஷ் சஞ்சார் நிகம் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறியது. 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை 256 கிலோபிட்டைத் தொடக்க வேகமாக வகுத்தது. பின்னர் மோடங்கள் பரணுக்குச் சென்றன.

மோடத்தோடு பரணேறியவை எவை என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது. மடல்களை இறக்கிக்கொண்டு துண்டிக்கும் வழக்கத்தால், அவை தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணிப்பொறியில் தங்கவில்லை. நம் வீட்டுக் கணிப்பொறியின் வட்டிலும், ஃப்ளாப்பிகளிலுமே தங்கின. மகன் வேலையேற்ற செய்தியும், பேத்தி பிறந்த செய்தியும், இன்று நம்மிடையே இல்லாத பெரியோர் தம் கைப்படத் தட்டிய வரிகளும் அவற்றுள் உறங்கக்கூடும். காகித மடல் மங்கினாலும் கண்ணால் படிக்கலாம். இவையோ, காந்தப் பூச்சு நலிந்தால் ஒரெழுத்தும் மிஞ்சா. நலியாதிருப்பினும், எழுத்துரு இன்றேல் வேற்று மொழிக் கிறுக்கலாகவே தோன்றும்.

அக்கிறுக்கலைக் குப்பை என்று கருதி அழித்துவிடலாகாது. அது பெரும்பாலும் பழைய குறியீட்டில் உள்ள தமிழே. ஃப்ளாப்பியைப் படிக்கும் புறக்கருவியும், பழைய வட்டைப் புதிய கணிப்பொறியோடு இணைக்கும் கம்பியும் இன்றும் வாங்கக் கிடைக்கின்றன. முதலில் கோப்பை உள்ளவாறே படியெடுத்து வைக்க வேண்டும். அக்கணிப்பொறியிலிருந்த எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர், மாற்றுச் செயலியின் துணையால் யூனிகோடாக மாற்றிக் கொள்ளலாம். விடுமுறை நாளொன்றில் முதியோரும் இளையோரும் சேர்ந்தமர்ந்தால் முடியக்கூடிய பணியே இது. நம் இல்லங்களின் வரலாற்றை எழுத வேறெவரும் வரப்போவதில்லை. நாம் எழுதிய மடல்களே அவ்வரலாறு. அவற்றைப் படிக்கும் நிலையில் வைத்துச் செல்வது நம் கடமை.