திண்ணை போட யார்கிட்ட கேக்கணும்?

கேள்வி ரொம்ப சின்னதுங்க. மாமல்லபுரத்துல கடலோரமா ஒரு ஓட்டு வீடு. வாசலை ஒட்டி எட்டுக்குப் பத்து அடியில ஒரு திண்ணை, மேல ஒரு கூரை. அமெரிக்காவுல மரப்பலகை அடிச்சு 'டெக்'னு போடறாங்களே, அதுக்கு நம்மூர் அண்ணன்னு வெச்சுக்கலாம். இதைக் கட்ட யார் சரின்னு சொல்லணும்? பதில் தேடிப் போனா செங்கல்பட்டோட நூத்து முப்பது வருஷ சரித்திரம் வாசல்ல வந்து நிக்குது.

1890கள்ல இருந்து ஆரம்பிப்போம். அன்னைக்கு கிராமத்துல வீடு கட்ட பிளானும் கிடையாது, பர்மிட்டும் கிடையாது. ஆனா அனுமதி மட்டும் கண்டிப்பா வேணும். செங்கல்பட்டு ஜில்லாவுல அப்போ மிராசு முறை. விளைநிலம் மட்டும் இல்லாம, நத்தம், தரிசுன்னு கிராமத்துல இருக்கற எல்லா மண்ணுலயும் தங்களுக்கு உரிமை உண்டுன்னு மிராசுதாரர்கள் சொல்லிக்கிட்டாங்க. சேரியில இருந்த தலித் கூலிகளோட குடிசை நின்ன மனையும் இதுல அடக்கம். கூலியைக் கூட்டிக் கேட்டாலோ, வேற பண்ணைக்கு வேலைக்குப் போனாலோ, சர்க்கார்கிட்ட தரிசு நிலத்துக்கு மனு போட்டாலோ, "மனையைக் காலி பண்ணு"ன்னு ஒரு வார்த்தை போதும். திண்ணை எங்க போடறது, சுவரையே நம்பி எழுப்ப முடியாது.

இதை அரசாங்கக் காகிதத்துல விலாவாரியா எழுதி வெச்சவர் அப்போ செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்புல இருந்த ட்ரெமென்ஹீர். 1891ல இந்த மக்களோட நிலைமையைப் பத்தி அவர் ஒரு குறிப்பு தயார் பண்ணினார். ஆடம் ஆண்ட்ரூ மாதிரி ஸ்காட்லாந்து பாதிரிமார்களும் இங்கேயே இருந்து இதே விஷயத்தை விடாம பேசிட்டு இருந்தாங்க. வருவாய் வாரியத்துக்குள்ள எதிர்ப்பு இல்லாம இல்ல. இருந்தும் 1892 செப்டம்பர் 30ல 1010ங்கிற எண்ணோட அரசாணை வந்துச்சு. இன்னைக்கும் நாம பேசற பஞ்சமி நிலத்துக்கு வேர் இதுதான். கட்டட அனுமதியோட சரித்திரம்னு எழுதறவங்க எல்லாம் நகரமைப்புச் சட்டத்துல இருந்து ஆரம்பிக்கறாங்க. எனக்கு அது சரியாப் படலை. நிக்கற மண்ணே நம்மளுது இல்லைன்னா வரைபடம் எதுக்கு?

சரி, சட்டங்களுக்கு வருவோம். 1920ல சென்னை நகரமைப்புச் சட்டம், 1971ல தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 2019ல மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதிகள். 2024 ஜூலையில சுயசான்று முறையும் வந்தாச்சு: 2500 சதுர அடி வரைக்கும் மனை, 3500 சதுர அடி வரைக்கும் வீடுன்னா ஆன்லைன்லயே முடிச்சுக்கலாம். திருக்கழுக்குன்றத்துல வீடு கட்டறவருக்கு இது சந்தோஷமான சேதி. மாமல்லபுரத்துக்காரருக்கு இது போதாது. ஏன்னா அவர் தாண்ட வேண்டிய ரெண்டு கோடு டெல்லியில போட்டது.

முதல் கோடு பல்லவர்களால வந்தது. 1904 சட்டமும் 1958 சட்டமும் முக்கியமா நினைவுச்சின்னத்தைக் காப்பாத்தத்தான். 1992 ஜூன் 16ல வந்த அறிவிக்கை பக்கத்து வீட்டுக்காரர்கள் மேலயும் கை வெச்சுது. சின்னத்தோட எல்லையில இருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கு அப்புறம் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. நடுவுல ஒரு நிபுணர் குழு வெச்சு அங்கங்க விலக்கு கொடுத்தாங்க. அது செல்லாதுன்னு 2009ல டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. உடனே 2010ல சட்டத்தையே திருத்தி, தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தையும் உருவாக்கினாங்க.

நம்ம ஆளுங்க புத்தி கணக்குல போகுமே, போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளியைச் சுத்தி 100 மீட்டர் வட்டம்னா சுமார் 7.8 ஏக்கர். 300 மீட்டர் வட்டம்னா கிட்டத்தட்ட 70 ஏக்கர். மாமல்லபுரத்துல பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் முப்பதுக்கு மேல. அர்ச்சுனன் தபசு நடு ஊர்ல இருக்கு. வட்டத்து மேல வட்டம் விழுந்தா ஊர்ல மிச்சம் என்ன இருக்கும்னு நீங்களே வரைஞ்சு பாருங்க.

2010 திருத்தத்துல 'கட்டுமானம்'னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. புதுக் கட்டடம் மட்டும் இல்லையாம். இருக்கற கட்டடத்தை மேல் நோக்கியோ பக்கவாட்டுலயோ நீட்டினாலும் கட்டுமானம்தான். ஆக, திண்ணை மாட்டிக்கிச்சு :-) 100 மீட்டருக்குள்ள அதுக்கு அனுமதியே கிடையாது. 1992 ஜூன் 16க்கு முன்னாடி இருந்த வீடா இருந்தா பழுது பார்க்க, புதுப்பிக்க மனு போடலாம், அவ்வளவுதான். மீறினா ரெண்டு வருஷம் வரை சிறை, இல்லைன்னா ஒரு லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும்.

தொல்லியல் துறை பக்கமும் நியாயம் இருக்குங்க. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் சாளுவன்குப்பத்துல பாறைக் கல்வெட்டு வெளியே தெரிய, 2005ல தோண்டினாங்க. ஒரு முருகன் கோயில், அதுக்குக் கீழ அதைவிடப் பழைய செங்கல் கோயில்! இந்த ஊர்ல அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டறது விளையாட்டு விஷயம் இல்ல. ஆனா ஒரு ஓட்டலோட அடித்தளக் குழியையும் மீனவர் வீட்டு ஒரு அடி உயரத் திண்ணையையும் ஒரே வார்த்தைக்குள்ள அடைச்சதை என்னால ஏத்துக்க முடியலை.

ரெண்டாவது கோடு கடலோடது. இந்திரா காந்தி 1981லயே கடலோர முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார், அலை ஏறும் கோட்டுல இருந்து 500 மீட்டரை விட்டு வைங்கன்னு. அது 1991 பிப்ரவரி 19ல கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையா ஆச்சு. கிராமப்புறக் கடற்கரையில முதல் 200 மீட்டருக்குள்ள புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி 500 வரைக்கும் பாரம்பரியமா இருக்கற மீனவர் குப்பம் மாதிரி இடங்கள்ல வீடு கட்டலாம், உயரம் 9 மீட்டருக்குள்ள. 2011ல ஒரு தடவை, 2019ல ஒரு தடவை திருத்தி எழுதினாங்க. 2019 அறிவிக்கைப்படி 300 சதுர மீட்டர் வரைக்கும் சொந்த வீடுன்னா உள்ளாட்சியே பார்த்து முடிவு பண்ணலாம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்துக் குப்பத்துக்கு இந்தக் கோடும் உண்டு, பல்லவர் கோடும் உண்டு.

ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில வீடு இருந்தா நம்பிக்கை இருக்கு. மனுவை 15 நாளுக்குள்ள ஆணையத்துக்கு அனுப்பணும், ஆணையம் ரெண்டு மாசத்துல கருத்து சொல்லணும், அதுல இருந்து ஒரு மாசத்துல முடிவு தெரியணும். சட்டத்துல அப்படித்தான் இருக்கு. உள் வட்டத்துக்காரர்களுக்கு ஒண்ணு சொல்லி வைக்கறேன். தாத்தா பேர்ல 1992க்கு முந்தின வீட்டு வரி ரசீது பரண்ல எங்கயாவது கிடந்தா, கரையான் அரிக்கறதுக்குள்ள எடுத்து பத்திரப்படுத்துங்க. ஓடு மாத்தணும்னாலும் முதல்ல அதைத்தான் தேட வேண்டி வரும்.