மிடில்ஸ்பரோ தத்தெடுத்த அணி

1966 உலகக் கோப்பை கால்பந்துப் போட்டி இங்கிலாந்தில் நடந்தது. கோப்பையை வென்றதும் இங்கிலாந்துதான். ஆனால் அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள மிடில்ஸ்பரோ என்ற இரும்பாலை நகரம் அந்த ஜூலை மாதம் மனதைப் பறிகொடுத்தது இன்னொரு அணியிடம். வட கொரியாவிடம்!

இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? கொரியப் போர் முடிந்து 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். வட கொரியாவை ஒரு நாடாகவே பிரிட்டன் அங்கீகரிக்கவில்லை. அவர்களின் தேசிய கீதத்தை இசைப்பதா என்பதே பெரிய தலைவலி. கடைசியில் தொடக்க ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் மட்டும் கீதம் என்று முடிவு செய்தார்கள். அந்த இரண்டிலும் வட கொரியா ஆடப்போவதில்லை என்ற நம்பிக்கைதான்!

முதல் ஆட்டத்தில் சோவியத் யூனியனிடம் 3-0 என்று தோல்வி. ஆனாலும் உயரம் குறைந்த அந்த வீரர்கள் ஓடிய ஓட்டம் பார்த்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. உள்ளூர் அணி அந்த ஆண்டுதான் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது. அதன் நிறம் சிவப்பு, கொரியர்களின் நிறமும் சிவப்பு. தோற்றுக்கொண்டிருப்பவனை ஆதரிக்கும் குணமும் சேர்ந்துகொண்டது. சிலியுடன் கடைசி நிமிடங்களில் 1-1 என்று சமன் செய்தபோது கைதட்டல் கூடியது.

ஜூலை 19. ஐர்சம் பார்க் மைதானத்தில் எதிரணி இத்தாலி, இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற நாடு. கூட்டம் சுமார் 18,000 பேர்தான், மைதானம் நிறையவில்லை. இத்தாலியின் புல்காரெல்லி காயத்துடன் வெளியேறினார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அப்போது விதி இல்லை. 42-வது நிமிடத்தில் பாக் டூ இக் அடித்த ஒரே கோலில் இத்தாலி வீட்டுக்குப் போனது. (ஊர் திரும்பிய இத்தாலி வீரர்களை ரசிகர்கள் தக்காளியால் அடித்தது தனிக்கதை.)

வெறும் இரக்கம் என்றால் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் காலிறுதிக்காக மிடில்ஸ்பரோவிலிருந்து சுமார் 3,000 பேர் லிவர்பூலுக்கே போனார்கள். அதுவரை பெயர்கூட உச்சரிக்க வராத ஓர் அணிக்காக! 25 நிமிடத்துக்குள் வட கொரியா 3-0 என்று முன்னிலை. பிறகு போர்ச்சுகலின் யூசேபியோ தனியாளாக நான்கு கோல் போட்டார். முடிவு 5-3.

2002-ல் அந்த அணியில் உயிரோடிருந்த வீரர்கள் மிடில்ஸ்பரோவுக்கு மீண்டும் வந்தார்கள். ஐர்சம் பார்க் 1995-லேயே மூடப்பட்டு, அங்கே வீடுகள் வந்துவிட்டன. பாக் டூ இக் கோல் அடித்த இடத்தில் மட்டும் காலணித் தடத்தின் வெண்கல அச்சு ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது.