எழுத்தில் காத்த எண்

மயிலையில் எழுந்தருளியிருந்து பின்னர் மேல்சித்தாமூர் சேர்ந்தருளினார் என நம் மரபு போற்றும் நேமிநாதப் பெருமானின் திருப்பெயரைத் தாங்கியது குணவீர பண்டிதரின் 'நேமிநாதம்'. எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் வகுத்த நூல் அது. எழுத்தைக் கொண்டே ஒரு பேரெண்ணைக் காத்தவர் நேமிசந்திராசாரியர். 10ஆம் நூற்றாண்டில் சாமுண்டராயருக்கு ஆசானாக விளங்கியவர் அவர்.

அவர் பிராகிருதத்தில் இயற்றிய கோம்மடசாரத்தின் சீவ காண்டம், பரியாப்த மனிதரின் தொகையை ஒரே பாடலில் அடக்குகிறது. அதில் இலக்கம் எதுவும் வெளிப்படையாக இல்லை. கடபயாதி முறைப்படி ஒவ்வொரு மெய்யும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும். முதலெழுத்து தகரம், டகரம் தொட்டு எண்ணினால் அது ஆறாவது. எனவே 6. வலமிருந்து இடமாக எழுதிச் சென்றால் கிடைப்பது இது:

79228162514264337593543950336

(தமிழ் எழுத்தில் இம்முறை செல்லாது. நம் ககரம் ஒன்றே நான்கு ஒலிகளுக்கு நிற்பதால் 1, 2, 3, 4 என்னும் வேறுபாடு மறைந்துவிடும். கிரந்தத்தில் எழுதினால் மறையாது.)

சுவேதாம்பர மரபின் அனுயோகத்வார சூத்திரமும் இத்தொகைக்கு அடையாளங்கள் தருகிறது: இருபத்தொன்பது இடங்கள் கொண்டது, இரண்டின் ஐந்தாம் வர்க்கத்தை ஆறாம் வர்க்கத்தால் பெருக்கப் பிறப்பது, தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத்தக்கது. இரண்டை வர்க்கித்தால் 4. அதனை வர்க்கித்தால் 16. பின் 256, 65536. ஐந்தாம் வர்க்கம் 4294967296. ஆறாம் வர்க்கம் 18446744073709551616. சதுரங்கப் பலகையில் கட்டந்தோறும் இரட்டிக்கும் தானியக் கதையின் மொத்தம் இதனினும் ஒன்றே குறைவு. இரண்டையும் பெருக்கினால் மேற்கண்ட எண்ணே வருகிறது. தியாகராய நகரில் நம்மோடு அடுத்தடுத்து வாழும் வடநாட்டுச் சமணக் குடும்பங்களின் மரபும் நம் மரபும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

இவ்வடையாளங்களின் நுட்பத்தை நான் நெடுநாள் உணரவில்லை. தொண்ணூற்றாறு முறை மீதியின்றிப் பாதியாகும் எண்களுள் மிகச் சிறியது இதுவே. பிறவெல்லாம் இதன் இருமடங்கு, மும்மடங்கு முதலியன. இருமடங்கே முப்பது இலக்கமாகிவிடும். ஆகவே 'இருபத்தொன்பது இடம்', 'தொண்ணூற்றாறு பாதி' என்னும் இரண்டு குறிப்புகளுக்கும் பொருந்தும் எண் ஒன்றேயொன்று. ஓலையைப் படியெடுத்தவர் ஓர் இலக்கத்தைப் பிழைபட எழுதியிருந்தாலும் பாதியாக்கும் கணக்கு அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டால் எத்தனை முறை வகுபடும் என்னும் இவ்வெண்ணிக்கையைத் தவளை உரைகண்ட வீரசேனர் 'அர்த்தச்சேதம்' என்றார். இரண்டையே பெருக்கிப் பெறும் இத்தகைய எண்களுக்கு அது இன்றைய கணிதத்தில் இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையோடு ஒக்கும்.

இன்று உலக மக்கள்தொகை எண்ணூறு கோடி அளவில்தானே உள்ளது என்று இளைஞர் வினவுவர். வினவுதல் முறையே. நூல் கூறுவது இரண்டரைத் தீபங்களாகிய மனுஷ்ய லோகத்தை. அரசின் குடிக்கணக்கை அன்று. கணிப்பொறியை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என மேடையில் முழங்குவதும் எனக்கு உடன்பாடன்று. கணக்கைப் பிழையறப் போட்டனர். பிழை நேராமல் காத்தனர். அதுவே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

சென்ற கோடை விடுமுறையில் பேரனுடன் அமர்ந்து இவ்வெண்ணைக் கையாலேயே பாதியாக்கத் தொடங்கினேன். முப்பத்திரண்டாம் முறையில் ஆறாம் வர்க்கம் அப்படியே வந்து நின்றது. நாற்பதைக் கடந்தபின் ஓர் ஒற்றைப்படை எண் குறுக்கிட்டது. பிழை என்னுடையது. ஆறாம் வர்க்கம் சரியென்று அறிந்திருந்தமையால் அங்கிருந்தே மீண்டும் தொடங்கினோம். மூன்றாம் நாள் மாலை, தொண்ணூற்றாறாம் வரியில் பேரன் 1 என்று எழுதினான்.