வாடைக்காற்றும் முழங்கால் சிரட்டையும்



மார்கழி பிறந்துவிட்டால் குருநகர்க் கரையில் ஒரு காட்சியை நாங்கள் எல்லாரும் பார்க்கிறோம். விடியப்புறம் இடுப்பளவு தண்ணீரில் நின்று தொழில் பார்த்தவர்கள் கரையேறி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள். சுபஹ் தொழுகைக்குக் கதிரை தேடும் எங்கள் மூத்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்: "வாடை தொடங்கிட்டுது, கால் பிடிச்சிட்டுது." எங்கள் குளிரைக் கேட்டால் நோர்வேயில் இருக்கிற மருமக்கள் சிரிப்பார்கள். ஈர உடுப்போடு வாடைக்காற்றில் நின்று பார்த்தால் தெரியும்.

இந்த நோவைப் பற்றிக் குடாநாட்டில் தமிழில் எழுதி வைத்தது நேற்று இன்று அல்ல. யாழ்ப்பாண அரசர்களின் பட்டப்பெயரோடு வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் இரண்டும் வைத்திய நூல்கள். பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928 தொடங்கிப் பாகம் பாகமாக அச்சேற்றினார். சித்த மரபில் மூட்டு நோ வாதத்தைச் சேர்ந்தது. குளிரும் ஈரமும் அதைக் கிளப்பும். எண்ணெயும் ஒத்தடமும் சூடும் அடக்கும். அதற்குக் கீல்வாயு என்றும் பெயர். கீல் என்றால் பொருத்து. படகுக்குப் பூசும் தாருக்கும் தமிழில் கீல்தான் பெயர். வள்ளத்துக்குத் தவறாமல் கீல் பூசுகிற மனிசன் தன் கீலைத் திரும்பிப் பார்ப்பதில்லை!

எங்கள் யூனானி மரபும் இதிலிருந்து தூரமில்லை. 1037இல் காலமான இப்னு சீனாவின் கானூனிலும் மூட்டு நோவுக்குத் தனி இடமுண்டு. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது ஆயுர்வேதமும் சித்தமும் யூனானியும் ஒரே கூரையின் கீழ் படிப்பிக்கப்பட்டன.

ஆனால் நாங்கள் அதிகம் நினைக்கவேண்டியவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். ஆங்கிலத்தில் படிப்பித்தால் மாணவர் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், ஊருக்கு வைத்தியர் மிஞ்சமாட்டார் என்று கண்டு 1860களில் தமிழுக்கே மாறினார். கட்டர் என்பவரின் உடலியல் நூலை 1857இலேயே தமிழாக்கி அச்சிட்டிருந்தார். எலும்பு முனையில் குருத்தெலும்பு, அதைச் சூழ்ந்த சவ்வு, அது சுரக்கும் வழுவழுப்பான நீர், தசைக்கு வேலையும் ஓய்வும் மாறி மாறி வேண்டும் என்பது எல்லாம் கட்டரின் பாடங்கள். மூட்டு எப்படி வேலை செய்கிறதென்று இந்த மண்ணில் தமிழில் படிக்க வழி பிறந்து 160 வருடம் தாண்டிவிட்டது.

இப்போது நடப்பதைப் பாருங்கள். போன மார்கழியில் எங்களுக்கு நன்கு தெரிந்த, வலை பொத்துகிற ஐயா ஒருவர் மூட்டுக்கென்று ஒரு தூள் வாங்கிக் குடித்தார். பொட்டலத்தில் ஒரு எழுத்தும் இல்லை. மூன்றாம் நாளே துள்ளி நடந்தார். இரண்டு மாதத்தில் முகம் ஊதி, சீனி ஏறியது. ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம் என்றார் டொக்டர். அப்படி ஏதும் நீண்டநாள் குடிக்கிறவர்கள் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காற்றழுத்தமா, குளிரா, எது நோவைக் கூட்டுகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அசையாமல் இருந்தால் மூட்டு இறுகும் என்பதில் மட்டும் வழக்கில்லை. பாயைவிட்டு எழும்ப முன் படுத்தபடியே பத்துத் தரம் முழங்காலை மடக்கி நீட்டுங்கள். கடலால் வந்ததும் ஈரச் சாரத்தை மாற்றிவிட்டுத்தான் தேத்தண்ணி. உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் பிடிக்கலாம். மூட்டு சிவந்து வீங்கிக் கொதித்தால் சூடு வைக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். சீனி வருத்தத்தால் கால் மரத்துப் போனவர்களுக்கு ஒத்தடத்தை வேறொருவர் தன் கையில் வைத்துப் பார்த்த பிறகே வைக்கவேண்டும். சித்த வைத்தியம் வேண்டுமென்றால் கைதடியில் அரச சித்த வைத்தியசாலை இருக்கிறது. தெருவில் விற்கும் தூள் சித்த வைத்தியம் அல்ல.

யாருடைய வீட்டுப் பெட்டகத்திலாவது பரராசசேகரத்தின் பழைய அச்சுப் பாகமோ கிறீனின் நூலோ இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளோடு வந்து பார்க்க ஆசைப்படுகிறோம்.