சொற்குருடும் எழுத்துப்பெட்டியும்

நாங்கள் படித்த காலத்தில் கடைசி வாங்கில் எப்போதும் ஒருவன் இருப்பான். வாசிக்கச் சொன்னால் எழும்பி நிற்பான், வாய் திறவாது. வாத்தியார் பிரம்பைத் தேடுவார். "இவன் மொக்கன், படிப்பு ஏறாது." அதோடு அவன் கதை முடிந்துவிடும். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் மனக்கணக்கில் கெட்டிக்காரன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

டென்மார்க்குக்கு வந்தபிறகுதான் அவனுக்கு இருந்தது என்னவென்று எனக்கு விளங்கியது. இங்கே அதை 'ஓர்ட்பிளின்ட்' என்கிறார்கள். சொற்குருடு. கண்ணிலும் பிழையில்லை, புத்தியிலும் குறைவில்லை. எழுத்தையும் ஒலியையும் பொருத்துவதில்தான் சிக்கல். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர், கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்.

டெனிஸ்காரருக்கு இந்த விசயத்தில் ஒரு பெண்மணியின் பெயர் முக்கியம். எடித் நொரி. இளம்பெண்ணாகியும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. காதலன் வெளிநாட்டில் இருந்து கடிதம் போடுகிறான். காதல் கடிதத்தை அடுத்தவரிடம் கொடுத்து வாசிக்க யாருக்குத்தான் மனம் வரும்! தானே எழுத்துகளைச் செய்து, அடுக்கி, வாசிக்கப் பழகினார். 1930களின் இறுதியில் கொப்பன்ஹேகனில் சொற்குருடருக்கான நிறுவனத்தையும் தொடங்கினார்.

அவருடைய எழுத்துப்பெட்டியைப் பற்றி அறிந்தபோது எனக்கு ஆச்சரியம். எழுத்துகள் அகரவரிசையில் இல்லை. உதட்டில் பிறப்பவை ஓரிடம், நாக்கில் பிறப்பவை ஓரிடம், தொண்டையில் பிறப்பவை ஓரிடம். உயிரெழுத்துகள் சிவப்பு நிறம். கூடவே ஒரு சின்னக் கண்ணாடி, பிள்ளை தன் வாய் அசைவதைப் பார்த்துக்கொள்ள. இது எங்கள் நன்னூல் எழுத்துப் பிறப்பியல் அல்லவா! க, ங அடிநாவில், ப, ம இதழில் என்று நாங்கள் பாடமாக்கினோம், பரீட்சைக்கு எழுதினோம், மறந்தோம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அதை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எங்கள் வாத்தியார் ஒருவருக்கும் தோன்றவில்லை. நொரியிடம் பழகிய ஹெலன் ஆர்க்கெல் அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1971இல் அங்கே ஒரு நிலையம் திறந்தார்.

இனி எங்கள் பிள்ளைகள். 1980களின் நடுப்பகுதியில் தமிழர் இங்கே வரத்தொடங்கினோம். 1987இல் நீதியமைச்சர் நின்-ஹான்சன் தமிழரின் குடும்ப இணைவைத் தடுத்துவைத்தார். அந்தச் சட்டவிரோத வேலையால் 1993இல் அரசாங்கமே பதவி விலகியதும், 1995இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டதும் எல்லோரும் அறிந்தது. ஆனால் காத்திருந்த பிள்ளைகளுக்குப் போன வருசங்கள் திரும்பவில்லை. சண்டைக்குள் பள்ளிக்கூடமும் ஒழுங்காக இல்லை. பத்து, பதினொரு வயதில் வந்து டெனிஸ் வகுப்பில் இருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையனும் அப்படி வந்தவன். வாசிப்பு வரவில்லை. பள்ளிக்கூடம் "மொழி புதிது, வரும்" என்றது. தகப்பன் "விளையாட்டுப் புத்தி" என்றார். ஒன்பதாம் வகுப்பில்தான் ஒரு ரீச்சர் கேட்டார்: "இவன் தமிழில் எப்படி வாசிப்பான்?" வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எவரும் அவனை வாசிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை! தமிழிலும் அதே திணறல்தான். வருசக்கணக்காக மொழியின் மேல் போட்ட பழி பிழை.

இப்படிக் கண்டுபிடிக்கத் தாய்மொழி வகுப்பு உதவும். ஆனால் 2002இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த பிள்ளைகளுக்கு அதை நடத்தவேண்டிய கட்டாயத்தைக் கொம்யூன்களிடம் இருந்து சட்டம் எடுத்துவிட்டது. 2015இல் நாடு முழுவதற்கும் ஒரே சொற்குருட்டுச் சோதனை வந்தது. நல்ல காரியம், ஆனால் அது டெனிஸில்.

அந்தப் பையன் முப்பது தாண்டியபிறகு பெரியவர்களுக்கான இலவச வகுப்புக்குப் போனான். இப்போது கடிதம் வந்தால் ரெலிபோன் வாசித்துச் சொல்ல, காதில் கேட்கிறான். இந்த வருசம் அவன் மகள் முதலாம் வகுப்பு. முதல் பெற்றோர் கூட்டத்திலேயே எழும்பிக் கேட்டானாம்: "இவளை எப்போது சோதிப்பீர்கள்?"