நீர்மானி இல்லாத அடுக்ககங்களில் தண்ணீர்க் கட்டணம்

வீட்டுக்கு வீடு நீர்மானி இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளில், செலவான லிட்டரை வைத்துத் தண்ணீருக்குத் தொகை கணக்கிட முடியாது. கட்டடத்தின் மதிப்பு, குழாய் இணைப்பு, வீட்டின் பரப்பு, ஆள் கணக்கு போன்றவையே அளவுகோலாகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி 72,796 பேர் வாழ்ந்த திண்டிவனம் போன்ற நகராட்சிப் பகுதிகளில் ஒரு குடும்பம் தண்ணீருக்குக் கொடுக்கும் பணம் மூன்று வழிகளில் போகிறது: வரி, இணைப்புக் கட்டணம், அடுக்ககத்தின் பராமரிப்புத் தொகை.

வரியும் இணைப்புக் கட்டணமும்

தமிழ்நாட்டு நகராட்சிகளை நெடுங்காலம் ஆண்ட 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில், சொத்து வரியின் ஒரு கூறாகவே குடிநீர் மற்றும் வடிகால் வரி அமைந்திருந்தது. அதற்குப் பதிலாக 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. சொத்து வரி, கட்டடத்தின் ஆண்டு மதிப்பை ஒட்டி அரையாண்டுக்கு ஒருமுறை வசூலாகிறது. 2022 சீராய்வில் சென்னைக்கு வெளியே உள்ள நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் வரி உயர்ந்தது. தண்ணீரை யார் எவ்வளவு செலவழித்தாலும் இந்தத் தொகை மாறாது.

குடிநீர் இணைப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு. நீர்மானி இல்லாத இடங்களில் வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என மாதாந்தர நிலைக் கட்டணம் விதிப்பதே வழக்கம்; இணைப்பு பெறும்போது டெபாசிட்டும் கட்ட வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியம், நீர்மானி இல்லாத இடங்களில் இணைப்பை எண்ணாமல் குடியிருப்புகளை எண்ணிக் கட்டணம் விதிக்கிறது. ஒரு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்பது அங்கே நெடுநாள் நீடித்த விகிதம். ஆகவே ஒரே குழாயில் நீர் பெறும் பத்து வீட்டு அடுக்ககத்துக்கும் பத்து மடங்கு கட்டணம் வரும்.

மோட்டார் செலவு

நகராட்சிக் குழாயில் வரும் நீர் தரைக்கடியில் உள்ள சம்ப்பில் சேர்ந்து, மோட்டாரால் மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. அது போதாதபோது போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் துணைக்கு வருகின்றன. பல அடுக்ககங்களில் இந்த மின்செலவும் லாரி வாடகையும் நகராட்சிக் கட்டணத்தைவிடக் கூடுதல். 2022 செப்டம்பரில் அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்ற தனி மின்கட்டண வகை வந்தது. வீட்டு இணைப்புகளுக்குரிய 100 யூனிட் சலுகை இதற்குக் கிடையாது. மூன்று மாடிக்கு மிகாமல், பத்து வீடுகளுக்குள், லிஃப்ட் இல்லாமல் உள்ள அடுக்ககங்களுக்கு மட்டும் 2023 நவம்பர் முதல் இது 5 ரூபாய் 50 காசாகக் குறைந்தது. சிற்றூர்ப் பக்கத்து அடுக்ககங்கள் பலவும் இந்த அளவுக்குள் அடங்குபவை.

பங்கிடும் முறைகள்

பொதுச் செலவை எப்படிப் பிரிப்பது என்பதை வீட்டு உரிமையாளர் சங்கமே முடிவு செய்கிறது. சமப் பங்கு, சதுர அடி, ஆள் கணக்கு ஆகிய மூன்றும் பரவலானவை. நிலத்தில் பிரிபடாத பாகத்தின் விகிதப்படி பிரிப்பது நான்காவது முறை. அது பெரும்பாலும் சதுர அடிக் கணக்கோடு ஒத்துப்போகும்.

ஆறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் மாதத் தண்ணீர்ச் செலவு 2,400 ரூபாய் என்று கொள்வோம். நான்கு வீடுகள் 600 சதுர அடி, வீட்டுக்கு நான்கு பேர். இரண்டு வீடுகள் 1,200 சதுர அடி, வீட்டுக்கு இரண்டு பேர். சமமாகப் பிரித்தால் எல்லோருக்கும் 400 ரூபாய். சதுர அடிக் கணக்கில் சிறிய வீட்டுக்கு 300, பெரிய வீட்டுக்கு 600. ஆள் கணக்கில் சிறிய வீட்டுக்கு 480, பெரிய வீட்டுக்கு 240. ஆள் கணக்கே உண்மையான பயன்பாட்டுக்கு ஓரளவு நெருக்கமானது. ஆனால் விருந்தினர், பூட்டிக் கிடக்கும் வீடு, புதிதாக வரும் வாடகைதாரர் என்று மாதந்தோறும் கணக்கைத் திருத்த வேண்டியிருப்பதால், பல சங்கங்கள் சமப் பங்கோடு நின்றுவிடுகின்றன.

பிற இடங்களில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீர்மானி இல்லாத பழைய வீடுகளுக்கு, 1990க்குப் பின் திருத்தப்படாத சொத்து மதிப்பின்படி இன்றும் கட்டணம் விதிக்கப்படுகிறது. நீர்மானி கேட்டும் பொருத்த வழியில்லாத அடுக்கக வீட்டுக்கு மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு; படுக்கையறைகளின் எண்ணிக்கை அதன் அளவுகோல்களில் ஒன்று. தனியாக வாழ்பவருக்குப் பல நிறுவனங்கள் குறைந்த கட்டணம் வைத்துள்ளன. ஹைதராபாத்தில் வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம். பொது மீட்டர் உள்ள அடுக்ககத்துக்கு இந்த அளவை வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கழிக்கிறார்கள்.

நீர்மானி பொருத்துவதில் உள்ள சிக்கல்

மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனிக் குழாய் இறங்கும் கட்டடங்களில் ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு நீர்மானிகள் தேவைப்படும். நாளில் சில மணி நேரமே நீர் வரும் தெருக் குழாயில் நீருக்கு முன் காற்று வந்து நீர்மானியை ஓட்டிவிடும். புதுக் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரே வழியாக நீர் இறங்கும்படி குழாய் அமைத்தால் முதல் சிக்கல் தீரும். அப்போதும் மாடிப்படி கழுவும் நீர், தோட்டத்து நீர், தொட்டிக் கசிவு ஆகியவை எந்த வீட்டு நீர்மானியிலும் பதியாது. பொது மீட்டருக்கும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் இடையே உள்ள அந்த மிச்சத்தைப் பழைய முறைகளில் ஒன்றின்படியே பிரிக்க வேண்டியிருக்கும்.